பாட்டு அங்கிளின் மகள்

“ஐயா சின்ன வயசுல இருந்து பாடுற பாட்டு ஏதாவது ஒண்ணு பாடுங்க மேடம். கூட வர்றாரான்னு பார்ப்போம்” என்று அந்தப் பெண் சொன்னபோது, நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் மாடியில் சின்ன அறை அது. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். எப்படியோ பிழைத்து வந்துவிட்டார். கால் தேறியது, வலது கைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறப்பார். ‘தா, தா’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவருக்கே பிடிக்காது. வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்.

பேச்சுப் பயிற்சி தரும் அந்தப் பெண் பொறுமைசாலி. கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல எங்களுக்கு விளக்கினாள். “மூளையில பேசுற இடத்துல அடி பட்டிருக்கு. பாடுற இடம் தப்பிச்சிருக்கலாம். சில பேருக்குப் பேச்சு சுத்தமா வராது, ஆனா பாட்டு வரும். பாட்டைப் பிடிச்சு அப்படியே பேச்சை இழுத்துடலாம். ஆனா இந்த முதல் சில மாசம்தான் முக்கியம். தள்ளிப் போடாதீங்க. சின்ன வயசுப் பாட்டா இருந்தா நல்லது.”

பாட்டு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முப்பது வருஷம் சபையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த மனுஷன் இவர். அணுபுரம் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில் சின்னப் பிள்ளைகள் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘பாட்டு அங்கிள்’தான். சைக்கிளில் போனால் பின்னாலேயே பாடிக்கொண்டு ஓடி வருவார்கள். அந்தப் பாட்டு அங்கிளின் ஒரே மகள் நான். அன்றைக்கு அந்த அறையில் ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாட எனக்குத் தெரியவில்லை.

அது எப்படித் தெரியாமல் போகும் என்று அந்தப் பெண்ணும் கேட்டாள். கேட்பாள்தானே. யார்தான் நம்புவார்கள்?

அப்பாவுக்குச் சொந்த ஊர் தெற்கே. அணுமின் நிலையத்தில் வேலை கிடைத்து இந்தக் கடற்கரைக்கு வந்தவர். வரும்போது சிறுவயதில் தன் ஊர்ச் சர்ச்சில் படித்த பாட்டுகளை எல்லாம் வாயிலேயே கொண்டுவந்தார். கும்மி தட்டிப் பாடுவது போல ராகம். புத்தகம் கிடையாது, கீபோர்டு கிடையாது. அப்பா ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் மறு வரி பாட வேண்டும். அவர் பாட்டுகளில் பாதி கேள்வியாகத்தான் இருக்கும். “குட்டி எங்கே, குட்டி எங்கே?” என்று காதில் கையை வைத்துக்கொண்டு கேட்பார். “மேய்ப்பன் தோளில், மேய்ப்பன் தோளில்” என்று பிள்ளைகள் தோளைத் தட்டிக்கொண்டு கத்தும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தக் கொட்டகை அதிரும். பதில் சரியாக வரும்வரை அடுத்த கேள்விக்குப் போக மாட்டார். காத்துக்கொண்டு நிற்பார்.

நான் அந்தக் கூட்டத்தில் பாடவில்லை. எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறுவர் ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அப்பா பாட்டை நிறுத்தினார். ஒவ்வொரு வரிசையாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். கோபமாக இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். “உன் சத்தம் சேரல பிள்ளே. நீ வந்து சார்ட்டைப் பிடி.”

சார்ட் என்றால் பெரிய வெள்ளை அட்டை. அதில் பாட்டின் வரிகளை ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, ஓரத்தில் ஆடு, படகு, விளக்கு என்று படமும் வரைந்திருப்பார். பிள்ளைகள் பார்த்துப் பாடுவதற்காக அதை யாராவது முன்னால் நின்று தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. எழுத்து பிள்ளைகளைப் பார்த்து இருக்கும். எனக்குத் தெரிந்தது அட்டையின் வெள்ளை முதுகு மட்டும்தான். கை வலிக்கும். அட்டை சாய்ந்தால் முன் வரிசையில் நிற்கிற ஒருத்தி, “ஏய், நேரா புடி” என்பாள். நேராகப் பிடிப்பேன்.

வேறு யார் வீட்டுப் பிள்ளையையாவது அப்பா அப்படிச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். அடுத்த நாளே அந்தப் பிள்ளையின் அம்மா வந்து வாசலில் நின்றிருப்பாள். சொந்தப் பிள்ளை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? நானும் சந்தோஷமாகத்தான் பிடித்தேன், அதுதான் கொடுமை. அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்று பெருமை வேறு. எட்டாம் வகுப்பு வந்ததும் அதுவும் போயிற்று. செங்கல்பட்டில் ஒரு சார் கணக்கு டியூஷன் நன்றாக எடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலைதான் எடுக்கிறார் என்று அப்பாவே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். “பாட்டு எங்கயும் போயிராது, நான் வீட்லதானே இருக்கேன். எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம்” என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டிலேயே இருக்கிற வாத்தியாரிடம் யார் படிக்கிறார்கள்?

கேட்ட பாட்டு மனதில் நிற்காதா என்றால், நிற்காது என்றுதான் சொல்வேன். கேட்டது துண்டு துண்டாகத்தான் நிற்கிறது. வாய் திறந்து கத்திப் பாடினதுதான் முழுசாக உள்ளே போய் உட்காருகிறது. இது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

அம்மாவுக்காவது தெரியும் என்று நினைப்பீர்கள். சண்டே ஸ்கூல் ஆராதனைக்கு முன்னால் நடக்கும். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இட்லி ஊற்றி, மதியத்துக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டு, கடைசி மணி அடிக்கும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடி வருவாள். அவளுக்குத் தெரிந்தது ஆராதனையில் பாடுகிற கீர்த்தனைகள்தான். அன்று அந்த அறையில் அவளே ஒன்றை எடுத்துப் பாடினாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். கண்ணீர் வழிந்தது. உதடு மட்டும் அசையவில்லை. கீர்த்தனையை அவர் எப்போதும் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவார். அவர் வாயில் ஊறிக் கிடந்தது பிள்ளைகளின் பாட்டுதான்.

நான் அலுவலகத்தில் சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, மாமல்லபுரத்துக்கு வெளியே அப்பா ஓய்வுபெற்றபின் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவரும் மகனும் செங்கல்பட்டில். காலையில் எழுந்ததும் போனை எடுத்து அப்பா முன்னால் வைப்பேன். சிறுவர் கிறிஸ்தவப் பாட்டு என்று தேடினால் கொட்டுகிறது. பொம்மைகள் ஆடுகின்றன, டிரம்ஸ் அடிக்கிறது. ஒன்றிரண்டு பாட்டில் அதே வரிகள்கூட இருந்தன. வேறு ராகம், வேறு வேகம். அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“இது அவரோட ராகம் இல்லட்டி. இது என்னமோ ஓடுது” என்றாள் அம்மா.

“அவரோட ராகம் எதுன்னு நீ சொல்லு, நான் தேடறேன்” என்று கத்தினேன். அவள் என்ன செய்வாள், பாவம். எழுந்து உள்ளே போய்விட்டாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. முதல் சில மாதம்தான் முக்கியம் என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மருந்து வாங்க மாமல்லபுரம் போனவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நைட்டி தொங்கிக்கொண்டிருந்த ஒரு கடை வாசலில் அவளைப் பார்த்தேன். சார்ட் சாய்ந்தால் ‘நேரா புடி’ என்று சொல்வாளே, அவளேதான். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, டவுன்ஷிப் கடைவரிசையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கோடை விடுமுறையில் சபையில் பத்து நாள் வி.பி.எஸ். என்று விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். கலர் ஜூஸும் கிரீம் பிஸ்கெட்டும் கொடுப்பார்கள் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரும். அவளும் வந்தாள். பத்து நாள் முடிந்தும் அவள் வருவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க அத்தாவோடு வருகிறவள், கொட்டகைக்குள் நுழைந்து முன் வரிசையில் நின்றுகொள்வாள். அவள் அம்மாவுக்குக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. அத்தாதான், “பாட்டுதானே, பாடிட்டுப் போவட்டும் வுடு” என்பாராம்.

“இன்னாடி, ஆளே அடையாளம் தெர்ல. எங்க கீற இப்போ?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

“பாட்டு அங்கிளுக்கா? பேச்சு வர்லியா? இன்னாடி சொல்ற?”

பாட்டுத்தான் வேண்டுமாம், அவருடைய பாட்டுத் தெரிந்த ஆள் யாரும் இல்லை என்றேன். நடுக்கடையில், நைட்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்க்க, தோளைத் தட்டிக்கொண்டே “குட்டி எங்கே, குட்டி எங்கே?” என்று பாட ஆரம்பித்துவிட்டாள். அதே ராகம். அப்பாவின் இழுப்புக்கூட அப்படியே இருந்தது. “அட போடி, எனக்குத் தெரியாமலா? மாவு பிசையசொல்லோ கூட இதான் பாடிகினு இருப்பேன். எம் பொண்ணுங்க ரெண்டையும் இத்தப் பாடித்தான் தூங்க வெச்சேன்” என்றாள். பக்கத்துக் கடைக்காரரிடம் தன் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்போதே என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்பக் கூடம் இருக்கிறது. நாள் முழுக்கக் கல் அறுக்கிற மிஷின் சத்தம். நாங்கள் போனபோது சாப்பாட்டு நேரம், மிஷின் நின்றிருந்தது. அவள் அப்பாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சலாம் வைத்து, “அங்கிள், என்னைத் தெரியுதா? மளிகைக் கடை வூட்டுப் பொண்ணு” என்றாள். அப்பா உற்றுப் பார்த்தார். அவள் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். “குட்டி எங்கே, குட்டி எங்கே?”

அப்பாவின் உதடு துடித்தது. இடது கை எழுந்து தோளுக்குப் போயிற்று. “மேய்ப்பன் தோளில்” என்று பாடினார். கரகரப்பாக, ஆனால் தெளிவாக. “மேய்ப்பன் தோளில்” என்று இன்னொரு முறையும் பாடினார். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். எத்தனை வாரமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு மத்தியானம் கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் அவள் வந்துபோனாள். அவளுக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. குட்டிப் பாட்டு, படகுப் பாட்டு, கடுகு விதைப் பாட்டு. மற்றதெல்லாம் மறந்துவிட்டது என்றாள். பயிற்சிப் பெண்ணிடம் போனில் சொன்னோம். அந்த ராகத்திலேயே அன்றாடப் பேச்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். நம் கடைக்காரி சும்மா இருப்பாளா? குட்டிப் பாட்டு ராகத்தில், “இன்னா வேணும், இன்னா வேணும்?” என்று பாடினாள். அப்பா யோசித்து, “தண்ணி வேணும், தண்ணி வேணும்” என்றார். அம்மா சிரிப்பும் கண்ணீருமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். டீ வேணும், போதும், வலிக்குது, ஃபேன் போடு என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் ராகத்தில்தான். ராகத்தை விட்டுவிட்டு ஒரு சொல் வரவில்லை. அடுத்து அதுதான் வர வேண்டும், அது வந்துவிட்டால் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்றாள் பயிற்சிப் பெண்.

எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? என் அப்பா அவளுக்குத்தான் வாய் திறக்கிறார். மத்தியானம் ஆனால் வாசலைப் பார்க்கிறார். அவள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் முகம் மலர்கிறது. மற்ற நேரமெல்லாம் நான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கால் பிடித்துவிட்டாலும் என்னிடம் ‘தா, தா’கூட இல்லை. ஒரு நாள் நானே முயன்று பார்த்தேன். அவள் பாடுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் பாடினேன். அப்பா என் வாயைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் மாதிரி.

ரமலான் மாதம் வந்தது. அவள் நோன்பு. இனிமேல் வர மாட்டாள், ஒரு மாதம் போச்சு என்று நான் பயந்துகொண்டிருந்தேன். முதல் நோன்பு அன்றைக்கும் வந்தாள். எச்சில் வறண்டு குரல் கம்மிப்போய் இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

“நோம்பு வெச்சுக்கிட்டு எதுக்குடி இந்த வெயில்ல வர்ற? தொண்டை வத்திப் போயிடும்.”

“பாட்டு இன்னா வயித்துல இருந்தா வருது?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நீ ஏன்டி பாட மாட்ற? நான் எத்தினி நாளிக்கு வர்றது? பெருநாள் யாவாரம் வந்தா கடைய வுட்டு நகர முடியாது. பெத்த பொண்ணு நீ கூடவே கீற. நீ பாடு.”

“எனக்கு வராது. என் சத்தம் சேராது. அப்பாவே சொன்னது” என்றேன். முப்பத்தைந்து வருஷம் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். “சேரலியா? யார் சத்தம்டி சேந்துச்சு அங்க? நாங்க அல்லாரும் கத்திகினுதான் கெடந்தோம். எங்க அத்தா கடையில இருந்துகினு, ‘இன்னாம்மா, ஆட்டுக்குட்டிய அடிச்சிகினு இருந்தீங்களா’ன்னு கேப்பாரு. அங்கிள் உன்னை அப்டி சொன்னது தப்புடி. உன்னையும் கத்தவுட்டிருக்கணும்.”

சின்ன வயதிலிருந்து என் குரலில் ஏதோ கோளாறு என்று நம்பி, கல்யாண வீட்டில்கூட வாயை அசைக்காமல் நின்றிருக்கிறேன். எல்லோரும் கத்தத்தான் செய்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. இந்த நிலைமையில் இருக்கிற மனிதர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? கோபம் வரத்தான் செய்தது.

அன்றிலிருந்து அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மொட்டை மாடியில் துணி காய்கிற கொடிக்கு நடுவில் நின்று, கல் அறுக்கிற சத்தம் மறைத்துவிடும் என்கிற தைரியத்தில், நாற்பத்திரண்டு வயதில் நான் “குட்டி எங்கே” என்று கத்தினேன். “இழுத்துப் பாடு. பயந்துகினு பாடாத. அங்கிள் இன்னா உன்ன அடிக்கவா போறாரு?” என்பாள். பெருநாள் நெருங்குவதற்குள் மூன்று பாட்டும் எனக்கு வந்துவிட்டது.

ஒரு காலை அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பாடினேன். முதல் முறை பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் முறை வரியின் கடைசியில் “தோளில்” என்று ஒட்டிக்கொண்டார். அப்புறம் இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்ல இறக்கினார். சுருதியைக் குறை என்று அர்த்தம். கொட்டகையில் மற்ற பிள்ளைகளுக்கு அப்படிக் காட்டுவார். எனக்குக் காட்டியதில்லை. நான் குறைத்துப் பாடினேன். அவர் முழு வரியும் பாடினார். அதற்கப்புறம் சோறா, கஞ்சியா என்பதுகூட எங்களுக்குள் பாட்டாகத்தான் நடந்தது. அந்தச் சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதை எப்போதோ செய்திருக்கலாமே என்ற ஏக்கமும் கூடவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சபைக்கு அழைத்துக்கொண்டு போகும்போது சண்டே ஸ்கூலை எட்டிப் பார்ப்பேன். இப்போது கான்கிரீட் கட்டடம், பெரிய திரை, ஏசி. பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். நிறையப் பேருக்கு அந்த நேரத்தில் கோச்சிங். திரையில் பாட்டு ஓடுகிறது, பிள்ளைகள் அழகாகக் கையை ஆட்டுகின்றன, உதடுகூட அசைகிறது. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. நான் குறை சொல்ல வரவில்லை. என் மகனே அந்த நேரத்தில் கணினி வகுப்பில் இருந்தவன்தான். ஒரே ஒரு நாள் உள்ளே போய், அந்த டீச்சர் பெண்ணிடம், “அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் நிறுத்திட்டுப் பிள்ளைகளைக் கத்தவிடும்மா” என்றேன். “சத்தமா இருக்கும் ஆன்ட்டி, மேல ஆராதனை நடக்குது” என்றாள். அவளையும் என்ன சொல்வது?

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் அப்பா தானாகப் பாட ஆரம்பித்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் லேப்டாப்பில் வேலையாக இருந்தேன். “யார் வந்து நிற்கிறார் வாசலிலே?” என்று கேட்டது. மூன்று பாட்டிலும் இல்லாத வரி. மெதுவான ராகம். பாடிவிட்டுக் காதில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியவில்லை. “இன்னொரு தடவை பாடுங்கப்பா” என்றேன். பாடினார். அதே வரி. அதற்கு மேல் அவராகப் போகவில்லை. மறு வரி பிள்ளைகளுடையது. அது வந்தால்தான் அடுத்த வரிக்குப் போவார். அவளுக்குப் போன் போட்டு வரியைப் பாடிக் காட்டினேன். “தெர்லடி, நான் வர்றதுக்கு முன்னாடி உள்ள பாட்டா இருக்கும்” என்றாள். டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கைகூப்புகிற பொம்மைகள் வந்தன. ‘பாட்டு அங்கிளை மறக்க முடியுமா’ என்று எழுதினார்கள். பாட்டை ஒருவரும் எழுதவில்லை. அப்பாவின் ஊரில் ஒரு தூரத்து உறவினரைப் பிடித்துக் கேட்டேன். அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இப்போது இல்லை என்றார்.

அப்பா விடவில்லை. அடுத்த நாளும் சாயங்காலம் அதையே பாடினார், அதற்கடுத்த நாளும். பாடுவார், காதில் கை வைப்பார், என் வாயைப் பார்ப்பார். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். “தானா ஆரம்பிக்கிறார்னா ரொம்ப நல்ல அறிகுறி மேடம். விடாதீங்க. பதில் சொல்லுங்க, அவரை மேல கூட்டிட்டுப் போங்க” என்றாள். பதில் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? உள்ளே எத்தனை பாட்டு இருக்கிறதோ. ஒவ்வொன்றுக்கும் மறு வரி சொல்ல ஒரு காலத்தில் ஒரு கொட்டகை நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது எதிரில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலமும் காதில் கையை வைத்துக்கொண்டு பாடினார். “யார் வந்து நிற்கிறார் வாசலிலே?”

சும்மா இருக்க மனம் வரவில்லை. சண்டே ஸ்கூல் கேள்விதானே, பதில் வேறு என்னவாக இருக்கப் போகிறது என்று துணிந்து, அதே ராகத்தில், “இயேசு வந்து நிற்கிறார் வாசலிலே” என்று பாடினேன். குரல் நன்றாகவே வந்தது.

அப்பா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். நெற்றி சுருங்கியது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“இல்ல” என்றார்.

ராகமில்லை. பாட்டில்லை. பேச்சு. பழைய அப்பாவின் குரலில் பளிச்சென்று ஒரு சொல்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைப் போட்டுவிட்டு வந்து அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “பேசிட்டாரு, உங்கப்பா பேசிட்டாரு” என்றாள். சபை ஆயருக்குப் போன் போட்டாள், தன் தங்கைக்குப் போட்டாள், என் கணவருக்குப் போட்டாள், கடைக்கும் போட்டாள். “தெளிவா ஒரு வார்த்தை பேசிட்டாரு” என்று ஒவ்வொருவரிடமும் அழுதுகொண்டே சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று ஒருத்தி சொன்னாள். என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா காதில் வைத்த கையை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.